கலாமணி கை வைத்த அட்டை

பிப்ரவரி 8, ஞாயிறு. போர்ட் பிளேயர்

இந்த நோட்டைக் கொடுத்தவள் என் மகள் சிந்துஜா. பெங்களூரில் உட்கார்ந்தபடியே விமான டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் இதையும் என் பைக்குள் திணித்தாள். அங்கே போய் அதைச் செய்யலாமா இதைச் செய்யலாமா என்று தினமும் போன் பண்ணினால் எடுக்க மாட்டாளாம். தோன்றுவதை எல்லாம் இதில் எழுதிக்கொள்ள வேண்டுமாம். புதுமணத் தம்பதிக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அவள் நினைப்பு.

புதுமாப்பிள்ளைக்கு, அதாவது எனக்கு, வயது ஐம்பத்தாறு. பெயர் சென்னியப்பன். ஈரோட்டில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவுக்கு மேலாளர். தலையில் மிச்சம் இருக்கும் முடிக்கு நேற்றுச் சாயம் அடித்ததில் காதும் கொஞ்சம் கறுத்துவிட்டது. தேனிலவு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. 'அந்தமான் ட்ரிப்' என்று சொல்லியே சமாளித்துவிட்டோம்.

மணப்பெண் கலாமணிக்கு நாற்பத்தொன்பது. கோவையில் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பாவைப் பார்த்துக்கொண்டார், பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டார், பிறகு அண்ணன் வீட்டில் இருந்தார். இதற்கு நடுவில் கல்யாணம் என்ற ஒன்றுக்கு நேரமே வரவில்லை. என் முதல் மனைவி சரோஜா போய் நான்கு வருஷம் ஆகிறது. நானும் கலாமணியும் முதலில் சந்தித்தது ஒரு ஹோட்டலில். அங்கே கலாமணி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"நான் ஒண்ணு சொன்னா அதை ஒரு தடவை காதுல வாங்கிக்கணுமுங்க. எனக்கு அது போதும்."

இவ்வளவுதானா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காது வைத்திருப்பவன் எவனும் தேறக்கூடிய பரீட்சை இது.

கல்யாணம் ஆகி ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆனால் கலாமணி இன்னும் கோவையில்தான் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வருவார், திங்கட்கிழமை காலையில் போய்விடுவார். விருந்தாளிகூட இதைவிட அதிக நேரம் தங்குவார். ஈரோட்டுக்கு மாறுதல் கேட்க இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். "இன்னும் முடிவு பண்ணலைங்க. ட்ரிப் போயிட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆக, அண்டை வீட்டாருக்கு இது ட்ரிப். எனக்கு இது பொதுத்தேர்வு.

முதல் பாடத்தில் நான் மோசமில்லை. விமானத்தில் கலாமணி நடைபாதை ஓர இருக்கை போதும் என்றார். விட்டுக்கொடுக்கும் குணம். நான் விடவில்லை, கட்டாயப்படுத்தி ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தேன். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். நிம்மதியாகத் தூங்கினார் என்று நினைக்கிறேன். இறங்கியதும் டீ போதும் என்றார். காபி தேடினால் நான் அலைய வேண்டுமே என்ற கரிசனம். நல்ல ஃபில்டர் காபி எங்கே கிடைக்கும் என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

அறையில் கட்டில் மேல் துண்டுகளைச் சுருட்டி இரண்டு அன்னப்பறவைகள் செய்து, கழுத்தோடு கழுத்து ஒட்டி வைத்திருந்தார்கள். சுற்றிலும் ரோஜா இதழ். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் மாதிரி நின்றோம். பிறகு கலாமணி ஒன்றையும் நான் ஒன்றையும் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி நாற்காலியில் வைத்தோம். கலைக்க இருவருக்குமே கூச்சம். குளித்துவிட்டு நான் வேட்டியால் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இங்கே சூரியன் நம் ஊர்ப் பால்காரருக்கு முந்திக்கொள்கிறது. எழுந்தபோது கலாமணி பால்கனியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த விதத்தில் ஈரோட்டுக்கு வருவார் என்று எனக்குத் தோன்றியது. காலை உணவின்போது இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்த விதத்தில் வரமாட்டார் என்று தோன்றியது.

டாக்சி வைத்துக்கொண்டு மலை பார்க்கப் போனோம். வழியில் சாத்தம் துறையிலிருந்து பாம்பூ பிளாட்டுக்கு ஒரு படகு. சுற்றுலாப் படகு இல்லை, அக்கரைக்குப் போக ஊர் ஜனங்கள் ஏறுகிற படகு. தண்ணீரில் போகும் டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் டாக்சி, ஸ்கூட்டர், ஜீப், கீரைக்கட்டு, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள், கோழிக்கூண்டு என்று எல்லாம் ஏறியது. கலாமணி டாக்சியை விட்டு இறங்கிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு தமிழ்ப் பெண்மணி. இருவரும் முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்தது. காற்றில் தலை கலைந்ததைக்கூடக் கலாமணி ஒதுக்கிவிடவில்லை. நான் டாக்சிக்குள்ளேயே இருந்தேன். தரை என்று நம்புவதற்கு டாக்சி வசதியாக இருந்தது.

கரை வந்ததும், "இதுல இன்னொரு தடவை போலாமுங்களா?" என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. என் செலவைக் குறைக்க எப்படியெல்லாம் யோசிக்கிறார். "இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்? இதைவிடப் பெருசா காட்டறேன் பாருங்க" என்றேன். திரும்பும்போது துறையில் கூட்டமாக இருக்கும் என்று டாக்சிக்காரர் ரோட்டு வழியாகவே சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். 

சாயங்காலம் ஹோட்டல் கீழ்த்தளத்தில் அருள்தாஸைச் சந்தித்தோம். கடல் பயணம், நீர் விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஆள் ஏற்றி அனுப்புகிறவர். அப்பா தூத்துக்குடி, இவர் பிறந்தது இங்கே. எங்களை உட்காரவைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகளை மேஜையில் ஒவ்வொன்றாக வீசினார். கண்ணாடி அடிப் படகு. பனானா படகு. ஜெட் ஸ்கீ. பாராசெய்லிங். ஸ்கூபா. கயாக். தலையில் கண்ணாடிக் கவசம் மாட்டிக் கடல் தரையில் நடக்கவைக்கும் சீ வாக். அவர் வீசிய அழகில் எனக்குக் கண் கலங்கியது. கடையில் நான் சேலைகளை எடுத்துப் போடுவதும் இப்படித்தான். கண் ஒன்றில் நிலைக்கும் முன் அடுத்தது வந்து விழ வேண்டும்.

ஆனால் முதல் தடவையாக நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அரை நாள் ஐம்பது சேலையைப் புரட்டிவிட்டு முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டு போகிறவர்களை எத்தனை முறை மனசுக்குள் திட்டியிருப்பேன். இன்றைக்கு அதே வேலையை நான் செய்தேன். பனானா படகில் எத்தனை பேர், கவிழ்ந்தால் யார் தூக்குவார்கள், கவிழாத பனானா இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். கவிழ்ப்பதற்குத்தான் காசே என்றார் அருள்தாஸ்.

ஒரு விஷயம் இங்கே எழுத வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. கீழ்பவானி வாய்க்கால் படிக்கட்டில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான் என் அதிகபட்ச நீர் விளையாட்டு. இதைக் கலாமணியிடம் சொல்லும் சந்தர்ப்பம் இன்னும் அமையவில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: வாயைப் பார்க்காதே, கையைப் பார். வாய் பச்சையைக் காட்டச் சொல்லும், கை மெரூன் முந்தானையைத் தடவிக்கொண்டிருக்கும். மெரூனை மடித்து வைத்துவிடாதே, அதுதான் பில்லுக்குப் போகும். முப்பது வருஷமாக நான் சம்பாதித்தது இந்த ஒரு அறிவால்தான்.

இன்றைக்குக் கலாமணியின் வாய், "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க" என்றது. கை என்ன செய்தது தெரியுமா? நேராகச் சீ வாக் அட்டைக்குப் போனது. எடுத்தார், பார்த்தார், அடியில் வைத்தார். அருள்தாஸ் அதை மேலே எடுத்துப் போட்டார். மறுபடியும் கலாமணியின் கை அதற்கே போனது. மறுபடியும் அடியில். ஆசையை மறைத்து வைக்கிறார். அருள்தாஸ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒரே தொழில்காரர்கள் இருவர் பேசிக்கொள்ள வாய் எதற்கு.

ஆனால் கடலுக்கு அடியில் நடப்பதா? நான் கண்ணாடி அடிப் படகு என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நார்த் பே தீவுக்குப் போனோம். கடலின் அடியை நனையாமல் பார்க்கலாம் என்பது என் கணக்கு. சீ வாக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கலாமணிக்கு விளக்கினேன். அங்கே நாம் மீனிடம் போகிறோம், இங்கே மீன் நம்மிடம் வருகிறது.

படகின் நடுவில் ஒரு கண்ணாடி. சுற்றிலும் நாங்கள் குனிந்துகொண்டு உட்கார்ந்தோம். படகுக்காரர் ஹிந்தியில் ஒவ்வொரு பவளத்துக்கும் ஒரு பெயர் சொன்னார். கண்ணாடியில் கீறல் இருந்ததால் எனக்கு எல்லாப் பவளங்களும் ஒரே மாதிரி இருந்தன. உருண்டையாக, பளபளப்பாக, ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒன்று தெரிந்தது. அதைக் கலாமணிக்குக் காட்ட விரலை நீட்டியபோதுதான் அது என் தலையின் பிம்பம் என்று தெரிந்தது. அது நல்ல பவளம் என்று கலாமணி சொன்னார். இந்த மாதத்தில் அவர் அடித்த முதல் கிண்டல் இது. சந்தோஷத்தில் எனக்கு வாந்தி வந்தது. அலையாலும் இருக்கலாம்.

கரையில் சீ வாக் முடித்து வருகிறவர்களைப் பார்த்தோம். கழற்றி வைத்த கவசத்துக்கு முன்னால் கலாமணி அசையாமல் நின்றார். கழுத்துப் பக்கம் கையை வைத்துக்கொண்டார். இவ்வளவு ஆசையை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்பதைப் பார்க்கும்போது, அதற்குக் குறுக்கே நிற்பது என் பயம்தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. "போலாமுங்க" என்று அவரே திரும்பி நடந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது அருள்தாஸ் வந்து, நாளைய திட்டம் என்ன என்று அட்டைகளை மீண்டும் போட்டார். கலாமணியின் கை மீண்டும் அதற்கே போனது. இந்த முறை அதைக் கவிழ்த்து, மேலே தண்ணீர் டம்ளரையும் வைத்துவிட்டார். "மேடம் கை அதை விட மாட்டேங்குது அண்ணாச்சி" என்று அருள்தாஸ் என் காதில் சொன்னார்.

பிப்ரவரி 11, புதன்

அபர்டீன் பஜாரில் சுற்றியலைந்து ஃபில்டர் காபி கண்டுபிடித்து, ஃபிளாஸ்கில் வாங்கி வந்தேன். கலாமணி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை, ஆனால் அவர் எதையுமே காட்டிக்கொள்கிற ரகம் இல்லையே.

சாயங்காலம்

முடிவு பண்ணிவிட்டேன். ஒரு மனுஷி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றுக்கு ஆசைப்படுகிறார். அதை வாங்கிக் கொடுக்கத் துப்பில்லாதவனுக்கு ஈரோட்டுக்கு வா என்று சொல்ல என்ன தகுதி இருக்கிறது? கீழே இறங்கிப் போய் சீ வாக் இரண்டு பேருக்கு என்று சொல்லிவிட்டேன். அருள்தாஸ் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். 

மேலே வந்து கலாமணியிடம் சொன்னேன். கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். பிறகு, "உங்களுக்கு அதுல ஆசையாங்க?" என்று கேட்டார்.

ரொம்ப ஆசை, சின்ன வயதிலிருந்தே ஆசை என்றேன். எனக்காக என்று சொன்னால்தானே கூச்சமில்லாமல் வருவார். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்.

"சரிங்க. உங்களுக்கு ஆசைன்னா வர்றேன்" என்றார்.

எப்படி மடக்கினேன் பார்த்தீர்களா? யாரைக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. சிந்துஜா, நீ இதைப் படிக்கக் கூடாது.

பிப்ரவரி 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மறுபடியும் அதே தீவு. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கடலில் மிதக்கும் ஒரு மேடைக்குக் கூட்டிப் போனார்கள். மேடையிலிருந்து தண்ணீருக்குள் ஓர் இரும்பு ஏணி. உள்ளே போனால் பேச முடியாது, கைதான் பேச வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கட்டைவிரலை மேலே காட்டினால் என்னை மேலே கொண்டுபோ என்று அர்த்தம். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கையால் பேசுவது என் தொழில், எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று வேறு நினைத்தேன்.

கலாமணி எனக்கு முன்னால் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. ஆசை நிறைவேறும் நேரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது அந்தக் கவசத்தைத் தலையில் கவிழ்த்தார்கள். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்தது நான். கவசம் தோளில் உட்கார்ந்தபோது ஒரு குடும்பமே என் மேல் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. ஒவ்வொரு படியிலும் குலதெய்வத்துக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். கடைசிப் படியில் கிடா வெட்டு. கால் மணலில் பட்டது. காற்று குழாய் வழியாக உஸ் உஸ் என்று வந்தது. எதிரே கலாமணி ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் மஞ்சள் வரி போட்ட மீன்கள். உண்மையில் அழகாகத்தான் இருந்தது, சிங்கத்தின் வாய்க்குள் பல் வரிசை அழகாக இருப்பது போல.

பயிற்சியாளர் என் முன்னால் வந்து, எப்படி இருக்கிறது என்று கையால் கேட்டார். கலாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டவன் இந்த இடத்தில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்க வேண்டும் என்று, நெஞ்சை நிமிர்த்தி, சூப்பர் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

உடனே என்னை மேலே கொண்டுபோனார்கள்.

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பதற்றத்தில் இருக்கிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாகத் தூக்கினார்கள். மேடையில் உட்காரவைத்து முதுகைத் தேய்த்துவிட்டு, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்கு அடுத்து நின்ற நாக்பூர் குடும்பம் என்னைப் பார்த்துவிட்டுத் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டது.

கலாமணி மட்டும் உள்ளேயே இருந்தார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழிகள் வந்துகொண்டிருந்தன. குமிழி வரும் வரைக்கும் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் மாறுதலாவது ஒன்றாவது. இந்த மனுஷி மேலே வந்தால் போதும், கோவையிலேயே இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

வந்தார். கவசத்தைக் கழற்றினார்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.  நான், ஆசைப்பட்ட மாதிரி இருந்ததா என்று கேட்டேன்.

"யாருங்க ஆசைப்பட்டது?" என்றார்.

அவர்தான் என்று சொன்னேன். கடைசி மூன்று நாட்களாக அவர் கை அந்த அட்டையை விடவில்லை என்பதைச் சொன்னேன். பச்சைச் சேலை, மெரூன் முந்தானை எல்லாவற்றையும் சொன்னேன். கலாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்தைப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுதுங்க. கண்ணுல படக்கூடாதுன்னு அடியில தள்ளித் தள்ளி வச்சேன். அந்தாளு எடுத்து எடுத்து மேல போடறாரு. டம்ளரைக் கூட வச்சுப் பாத்தேன்."

என் கையிலிருந்த குளுக்கோஸ் டம்ளரைக் கீழே வைத்தேன். 

"நான் தினமும் எத்தனை கையைப் பிடிச்சு ஊசி போடறேன் தெரியுங்களா? கை ஒண்ணும் சொல்லாதுங்க. நரம்பு எங்க இருக்குதுன்னு மட்டுந்தான் சொல்லும். மனுசனுக்கு என்ன வேணும்னு வாயைத்தான் கேக்கணும்."

பிறகு அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"எங்கண்ணன் வீட்லயும் இதேதாங்க. வேண்டாம்னா, கூச்சப்படறாள்னு இன்னும் ரெண்டு கரண்டி போடுவாங்க. எல்லாரும் என் மனசைப் படிக்கறாங்க. நான் சொல்றதை ஒருத்தரும் கேக்கறதில்ல. வந்த மறுநாளே வாயைத் தொறந்து சொன்னேன், அந்தப் படகுல இன்னொரு தடவை போலாம்னு. டீ போதும்னு சொன்னேன். நீங்க ஆசைன்னு சொன்னீங்க, நான் நம்பிட்டேன். உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு இறங்கினேன். பாத்தா, நீங்க முந்திக்கிட்டு மேல போறீங்க."

இந்தக் கடைசி வரியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூசிப் போய் உட்கார்ந்திருந்தேன். நீச்சல் தெரியாது, ஆசையும் இல்லை, தண்ணீர் என்றாலே பயம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அது தெரிந்ததுதான் என்றார். டாக்சிக்குள் உட்கார்ந்து கடலைக் கடந்த மனுஷனை அவர் வேறு எங்கும் பார்த்ததில்லையாம்.

திரும்பும் படகில் சரோஜாவை நினைத்தேன். அவள் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை, நானே பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்காமல் இருந்தாளா, நான் காதில் வாங்காமல் இருந்தேனா என்று இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அவளுக்கு நான் எடுத்ததெல்லாம் மெரூன்.

அறைக்கு வந்ததும் கலாமணி நேராக நாற்காலிக்குப் போய், ஓர் அன்னத்தின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் உதறி, தலையைத் துவட்டிக்கொண்டார். இன்னொன்றை என் பக்கம் எறிந்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கப் போவதில்லை. தலை ஈரமாக இருந்தது, துவட்டினார்.

பிப்ரவரி 13, வெள்ளி

காலையில் அருள்தாஸ் வழி மறித்தார். கடைசி நாள் என்பதால் டால்பின், பாராசெய்லிங், மெழுகுவர்த்தி வைத்துக் கடற்கரையில் சாப்பாடு என்று அட்டைகளை எடுத்தார். சாத்தம் துறைக்குப் போகிறோம் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றார். படகு என்றேன். அந்தப் படகிலா, அதற்கு அட்டையே இல்லையே அண்ணாச்சி என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேடம் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் போய் இறங்கினோம். ஏறுவதற்கு முன் கடையில் டீ குடித்தோம். கலாமணி டீயை ஊதி ஊதி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு குடித்தார். அவருக்கு டீ பிடிக்கும். இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், அவரே சொன்னார்.

அக்கரைக்குப் போனோம். இறங்காமல் அப்படியே திரும்பி வந்தோம். மறுபடியும் போனோம். டிக்கெட் கொடுப்பவர் எங்களை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒளிந்துகொள்ள டாக்சி இல்லாததால் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழைத்தார் ஏற்றிய ஜீப்புக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஆடு என்னைவிடத் தைரியமாக இருந்தது. இந்தப் படகில் அப்படி என்ன இருக்கிறது என்று கலாமணியை நேராகவே கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போறாங்க. என்னை யாரும் எதுவும் பண்ணச் சொல்லலை. காத்து வருது. கரை வருது. எனக்கு இது புடிச்சிருக்குது."

அவ்வளவுதான். எனக்கென்னவோ இதில் பெரிய தத்துவம் இருப்பதாகத் தோன்றியது. சொன்னால் திட்டு விழும் என்று விட்டுவிட்டேன்.

நடுக்கடலில், கடல் என்று சொல்ல முடியாது, இரண்டு கரையும் தெரிகிறது, அந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு வாரமாக இட்லியைப் பிட்டதில், பால்கனியில் நின்றதில், காபியைக் குடித்ததில் எல்லாம் ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கேள்வியை மட்டும் இதுவரை கேட்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று பெருந்தன்மையாக இருந்ததாக நினைப்பு. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். சீ வாக் ஏணியில் நேர்ந்தது போதாதென்று குலதெய்வத்துக்கு இன்னொரு கிடா நேர்ந்துகொண்டேன்.

"கலாமணிங்க, ஈரோட்டுக்கு வந்து என்கூட இருக்கறீங்களா? எனக்கு நீங்க வரணும்."

 படகு கரையை நெருங்கி, வண்டிக்காரர்கள் எல்லாம் எஞ்சினைக் கிளப்பினார்கள். அந்தச் சத்தத்தில் அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததை வைத்து இன்னதுதான் என்று நானே முடிவு செய்திருப்பேன், ஒரு நாள் முன்னால் என்றால். எஞ்சின் சத்தம் கொஞ்சம் தணியும் வரை காத்திருந்து, கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.

"வர்றேனுங்க" என்றார்.

பழக்கதோஷம் விடவில்லை. எனக்காகச் சொல்கிறாரா, என் மனசு கஷ்டப்படும் என்று சொல்கிறாரா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"வர்றேன்னா வர்றேன்னு அர்த்தமுங்க. வேற ஒண்ணும் இல்ல."

கரை வந்தது. ஆடு முதலில் இறங்கியது.

பிப்ரவரி 14, சனி. விமானத்தில்

கலாமணி நடைபாதை ஓர இருக்கை வேண்டும் என்றார். கொடுத்துவிட்டேன். உயரம் என்றால் பயமாம், வரும்போது கண்ணைத் திறக்கவே இல்லையாம்.

எனக்கும் பயம்தான். நடு இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் ஓரத்தில் இருந்தவரிடம் ஜன்னலை மூடிவிடலாமா என்று கேட்டேன். மூடிவிட்டார்.